கடல் பழகியவர்களுக்குக் கங்கை: தேவப்பிரயாகை முதல் ரிஷிகேஷ் வரை மூன்று நாள் ராஃப்டிங், முழுமையான வழிகாட்டி

"நீச்சல் தெரியுமா?" என்று ரிஷிகேஷில் கேட்டால் ராமநாதபுரம் கடற்கரைப் பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நீச்சல் தெரியாதவர் பயத்தில் கைடு சொன்னதை அப்படியே செய்வார். தெரிந்தவரோ தன் கைகால் பழகியதைச் செய்வார். தொண்டியிலும் மண்டபத்திலும் ஏர்வாடியிலும் உயிர் காத்த பழக்கங்களில் சில மலை ஆற்றில் நேர் எதிராக வேலை செய்யும். எவற்றை விட வேண்டும், எவற்றை வைத்துக்கொள்ளலாம் என்று பிரித்துக் காட்டத்தான் இந்த வழிகாட்டி. பயண ஏற்பாடு, சாமான், நாள்வாரித் திட்டம் எல்லாம் அதைச் சுற்றியே வரும்.

காற்றடைத்த ராஃப்ட் படகில் போக எடுத்துக்கொண்டிருக்கும் பாதை தேவப்பிரயாகையில் தொடங்கி ரிஷிகேஷில் முடிகிறது. பாகீரதியும் அலக்நந்தாவும் சேர்ந்து கங்கை என்று பெயர் பெறும் இடம் தேவப்பிரயாகை. அங்கிருந்து ரிஷிகேஷ் சுமார் 70 கி.மீ. இரண்டு இரவு, மூன்று பகல். பெரும்பாலான சுற்றுலாக்காரர்கள் சிவ்புரியிலிருந்து கடைசி 16 கி.மீ. மட்டும் ஓட்டிவிட்டு 'ராஃப்டிங் போனேன்' என்பார்கள். பள்ளத்தாக்கின் ஆழம் தெரிய வேண்டுமானால் மேலிருந்து வர வேண்டும்.

அலை நிற்கும், தண்ணீர் ஓடும்

கடலில் அலை நகர்கிறது, தண்ணீர் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே ஏறி இறங்குகிறது. ஓர் அலை உங்களைக் கடந்து போனால் அது போய்விட்டது. ஆற்றில் தலைகீழ். அடியில் இருக்கும் பாறையாலும் சரிவாலும் உண்டாகும் அலை அதே இடத்தில் நிற்கும், தண்ணீர் அதன் வழியாக ஓடிக்கொண்டே இருக்கும். கடலில் அலை அடங்கும் நேரம் பார்த்து வள்ளத்தை இறக்கலாம். ஆற்றில் அடங்கும் நேரம் என்று ஒன்று கிடையாது. நீங்கள்தான் அந்த இடத்தை விட்டு வெளியே வர வேண்டும்.

பாறைக்கு மேலே வழிந்து விழும் தண்ணீர், விழுந்த இடத்தில் திரும்பிப் பாறையை நோக்கியே புரளும். இதை ஹோல் என்பார்கள். படகையோ ஆளையோ பிடித்து வைத்துச் சுழற்றக்கூடிய இடம் அது. அங்கே தண்ணீர் வெள்ளையாக நுரைத்திருக்கும். நுரையில் காற்று கலந்திருப்பதால் அது ஆளைத் தாங்காது, துடுப்பும் பிடி கொடுக்காது. தெளிந்த நன்னீரே உப்புத் தண்ணீரைவிட இரண்டரை சதவீதம் லேசானது. 70 கிலோ ஆள் முழுவதும் மூழ்கி இருக்கும்போது ஒன்றரை கிலோவுக்கு மேல் தாங்கும் விசை குறையும். 'மல்லாந்து படுத்தால் மிதப்பேன்' என்ற நம்பிக்கை கடலோடு சரி.

பெரிய பாறைக்குப் பின்னால், நீரோட்டத்தின் நிழலில், தண்ணீர் மெதுவாக மேல்நோக்கித் திரும்பும் இடம் எடி. ராஃப்டை நிறுத்துவதும் விழுந்தவரைத் தூக்குவதும் அங்கேதான். நீவாடு (கடல் நீரோட்டம்) பார்த்து வலை விடுகிறவருக்கு இதைப் பிடித்துக்கொள்ள நேரமாகாது: ஓடும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் நடுவே ஒரு கோடு தெரியும், அந்தக் கோட்டில் குமிழும் சின்னச் சுழிகளும் இருக்கும். நீரின் நிறத்தையும் மேற்பரப்பின் சுருக்கத்தையும் வைத்து அடியில் என்ன இருக்கிறது என்று சொல்லும் கண் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதை ஆற்றுக்குத் திருப்பினால் போதும்.

விசைக் கணக்கு ஒன்று. நீரோட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது உங்கள் காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். முழங்காலுக்கு மேல் ஓடும் தண்ணீரில் நிற்கவே கூடாது என்பதற்கு இதுதான் காரணம். பாக் நீரிணை ஆழம் குறைந்தது. வத்தை என்னும் சிறு படகிலிருந்து இடுப்பளவுத் தண்ணீரில் குதித்து, காலை ஊன்றித் தள்ளி, கரைக்குக் கொண்டுவருவது நமக்குத் தினசரி வேலை. ஆற்றில் அப்படிக் காலை ஊன்றினால் பாதம் இரண்டு கல்லுக்கு நடுவே சிக்கும். தண்ணீர் உடம்பை முன்னால் சாய்க்கும், தலை உள்ளே போகும். இடுப்பளவுத் தண்ணீரில், லைஃப் ஜாக்கெட் போட்ட நிலையில், நல்ல நீச்சல்காரர் மூழ்குவது இப்படித்தான். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விஷயத்தை மனப்பாடம் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்.

எப்போது போவது

கங்கையில் ராஃப்டிங் செப்டம்பர் பின்பாதியில் தொடங்கி ஜூன் கடைசியில் முடியும். ஜூலை, ஆகஸ்ட் மழைக்காலத்தில் அனுமதி கிடையாது.

விசைப்படகுகளில் வேலை செய்கிறவர்களுக்கு வசதியான காலம் மீன்பிடித் தடைக்காலம், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள். அதில் முதல் இரண்டு வாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ சார்தாம் யாத்திரை திறந்துவிடும். ரிஷிகேஷ் – தேவப்பிரயாகை சாலை பத்ரிநாத் போகும் அதே சாலைதான், வண்டி நகராது. மே பின்பாதியில் பனி உருகி ஆறு பெருத்துக் கலங்கும். வார இறுதியில் டெல்லிக் கூட்டமும் சேரும். திங்கள் முதல் வியாழனுக்குள் ஆற்றில் இருப்பதுபோல் தேதி போடுவது நல்லது.

கூட்டமில்லாமல் தெளிந்த பச்சைத் தண்ணீர் வேண்டுமானால் அக்டோபர், நவம்பர். எங்களைக் கேட்டால் அதுதான் சரியான காலம். ஆனால் நவம்பரில் நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை. புயல் எச்சரிக்கை வந்தால் ராமேஸ்வரம் ரயில்கள் மாறும், ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர், ஜனவரியை முதல் தடவை போகிறவர்கள் தவிர்க்கலாம்.

குளிரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் கடல் பெரும்பாலும் 26 முதல் 30 டிகிரி வரை. கங்கை, வெயில் 38 டிகிரி கொளுத்தும் மே மாதத்திலும் பனி உருகிய தண்ணீர். 15 டிகிரிக்குக் கீழ் உள்ள தண்ணீரில் திடீரென்று விழுந்தால் உடம்பு நம்மைக் கேட்காமல் மூச்சை உள்ளே இழுக்கும், தொடர்ந்து வேகமாக வாங்கும். அந்த முதல் இழுப்பு தண்ணீருக்கடியில் நடந்தால்தான் ஆபத்து. இந்தத் திணறல் ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். அதுவரை நீந்த முயலாமல், வாயைத் தண்ணீருக்கு மேல் வைத்து மூச்சை வெளியே ஊதுவது ஒன்றே வேலை. அதற்கப்புறம் விரல்கள் மரத்துப்போகத் தொடங்கும், கயிற்றைப் பிடிக்கும் பலம் குறையும். அதற்குள் கரையோ ராஃப்டோ சேர வேண்டும். பழக வேண்டுமானால் ஒரு நாள் முன்னதாகவே ரிஷிகேஷ் போய், படித்துறையில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று தடவை கழுத்தளவு இறங்கி ஏறுங்கள். உடம்பு இரண்டாம் தடவையிலேயே கொஞ்சம் அடங்கும்.

ஊரில் செய்ய வேண்டிய ஆறு வாரப் பயிற்சி

இதற்குத் தென்கடல் (மன்னார் வளைகுடா) வேண்டாம், வடகடல் (பாக் நீரிணை) பக்கம் அலை குறைவான காலைநேரம் போதும். காரங்காட்டில் வனத்துறை நடத்தும் சூழல் சுற்றுலாவில் அலையாத்திக் காட்டுக்குள் கயாக் (ஒடுங்கிய துடுப்புப் படகு) ஓட்டலாம். பிரப்பன்வலசைப் பக்கமும் கயாக் கிடைக்கும். பாம்பன் பாலத்துக்கடியில் நீவாடு வேகமாக ஓடுகிறதே, ஆறு மாதிரி இருக்குமே என்று அங்கே பழகப் பார்க்காதீர்கள். அடியில் பாறை, மேலே படகுப் போக்குவரத்து, காப்பாற்ற ஆள் கிடையாது.

முதல் இரண்டு வாரம் உடம்பு. ராஃப்டில் துடுப்பு போடுவது கையால் அல்ல, இடுப்பைத் திருப்பி முதுகால். வாரத்தில் மூன்று நாள், ஒரு மணி நேரம் கயாக் அல்லது வத்தைத் துடுப்பு. தோள்மூட்டு ஏற்கெனவே ஒருமுறை கழன்றவர்கள் டாக்டரைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம். ஆற்றில் அது மறுபடி கழலும், தேவப்பிரயாகைக்கும் முதல் நாள் முடியும் இடமான கௌடியாலாவுக்கும் நடுவே ஆஸ்பத்திரிக்குப் போக நேரமாகும். இதய நோய், வலிப்பு, கர்ப்பம் உள்ளவர்களுக்கு இந்தப் பயணம் கிடையாது. 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களை ஏற்றுவதில்லை.

மூன்றாம், நான்காம் வாரம் லைஃப் ஜாக்கெட்டோடு நீச்சல். கடற்கரையில் ஜாக்கெட் போட்டு நீந்துகிறவர்கள் அரிது, அதனால் போட்டதும் கை தூக்க வராது, ஆள் திணறுவார். ஜாக்கெட் மாட்டி 200 மீட்டர் குப்புறவும், 200 மீட்டர் மல்லாந்து காலை முன்னால் நீட்டியும் நீந்துங்கள். மல்லாந்து நீந்தும்போது கால்விரல் தண்ணீருக்கு வெளியே தெரிய வேண்டும். பிட்டம் தாழ்ந்தால் ஆற்றில் கல்லில் இடிக்கும்.

ஐந்தாம் வாரம் கயிறு எறிதல். பை ஒன்றில் 15 முதல் 20 மீட்டர் மிதக்கும் கயிறு. நுனியை ஒரு கையில் வைத்துக்கொண்டு பையை மற்றக் கையால் தாழ எறிய வேண்டும். 15 மீட்டரில் ஒரு காலி டிரம்மை மிதக்க விட்டு, அதைத் தாண்டி விழும்படி எறியுங்கள். கயிறு ஆளுக்கு முன்னால் விழுந்தால் பயனில்லை, தோளுக்கு மேலாகக் கடந்து விழ வேண்டும். பத்தில் குறைந்தது ஏழு சரியாக விழும்வரை விடாதீர்கள். இங்கேதான் நம் இரண்டாவது கெட்ட பழக்கம்: வலைக்கயிறு இழுக்கிறவர் கை, கயிறு கிடைத்ததும் தானாக ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளும். ஆற்றில் கயிற்றைக் கையில் சுற்றவே கூடாது. ஓட்டம் இழுக்கும்போது விட முடியாது, விரலோ மணிக்கட்டோ போய்விடும். விட நினைத்த நொடியில் விடும்படி வெறும் பிடி மட்டுமே.

ஆறாம் வாரம் கட்டளை. கைடுகள் கட்வாலிகள் (அந்த மலைப்பகுதிக்காரர்கள்), நேபாளிகள். ஆங்கிலமும் ஹிந்தியும் கலந்து கத்துவார்கள். இரைச்சலில் பாதிதான் காதில் விழும். 'ஃபார்வர்ட்' என்றால் முன்னால் துடுப்பு, 'பேக்' பின்னால், 'ஸ்டாப்' அல்லது 'ருக்கோ' நிறுத்து, 'கெட் டவுன்' என்றால் ராஃப்டுக்குள் குந்தி, ஒரு கையால் ஓரக்கயிறு, மறு கையால் துடுப்பின் தலை. 'ஓவர் லெஃப்ட்', 'ஓவர் ரைட்' என்றால் அந்தப் பக்கம் பாய வேண்டும். ஒரு ராஃப்டில் ஏறப்போகும் எட்டுப் பேரும் கடற்கரை மணலில் இரண்டு வரிசையாக உட்கார்ந்து, ஒருவர் கத்த, மற்றவர்கள் யோசிக்காமல் செய்யும்வரை பழகுங்கள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை.

கம்பெனியிடம் கேட்க வேண்டியவை

விலையை விட்டுவிட்டு இவற்றைக் கேளுங்கள். உத்தராகண்ட் சுற்றுலாத் துறை உரிமம் நடப்பில் இருக்கிறதா? தேவப்பிரயாகையிலிருந்து ஓட்டுகிறார்களா, அல்லது கௌடியாலாவில் ஏற்றிவிட்டு இரண்டு இரவு முகாமில் உட்கார வைக்கிறார்களா? குறைந்தது இரண்டு ராஃப்டாவது ஒன்றாகப் போக வேண்டும், இல்லாவிட்டால் ஒரு ராஃப்டும், விழுந்தவரை மீட்கக் கூடவே வரும் ஒரு சேஃப்டி கயாக்கும். தனி ராஃப்ட் கவிழ்ந்தால் எட்டுப் பேரைப் பொறுக்க ஆள் இல்லை. கைடுக்கு முதலுதவிச் சான்றும் வேகநீர் மீட்புப் பயிற்சியும் உண்டா என்று நேராகக் கேளுங்கள், கோபித்துக்கொள்கிற இடத்தை விட்டுவிடலாம். சாதாரணப் பயணக் காப்பீடு சாகச விளையாட்டை விலக்கி வைத்திருக்கும், பாலிசியில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

முகாம் எங்கே என்பதும் முக்கியம். 2015-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கௌடியாலா – ரிஷிகேஷ் ஆற்றங்கரை முகாம்களுக்குத் தடை போட்டது. அதன் பிறகு கரை மணலில் கண்ட இடத்தில் கூடாரம் போட முடியாது. 'பீச் கேம்ப்' என்று படம் காட்டினால் அனுமதி பற்றிக் கேளுங்கள்.

படகும் உடுப்பும்

வழக்கமான ராஃப்ட் 14 அடி. எட்டுப் பேர், பின்னால் கைடு. வெளி டியூப் உள்ளே பல அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கும், ஒன்று கிழிந்தாலும் மற்றவை தாங்கும். தளத்தின் ஓரத்துத் துளைகள் வழியே உள்ளே வந்த தண்ணீர் தானாக வடியும், இறைக்க வேண்டியதில்லை. காற்றழுத்தம் இரண்டு முதல் இரண்டரை பி.எஸ்.ஐ. வெயில் மணலில் இழுத்துப் போட்டால் உள்ளே காற்று விரிந்து தையல் தெறிக்கும், அதனால் கரையில் நிற்கும்போது கொஞ்சம் காற்றை விடுவார்கள். குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் சுருங்கித் தொய்யும், பத்து நிமிடம் கழித்து மறுபடி அடிக்க வேண்டும். தொய்ந்த ராஃப்ட் ஹோலில் மடங்கும். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், அரை அங்குலத்துக்கு மேல் உள்ளே போனால் கைடிடம் சொல்லுங்கள்.

லைஃப் ஜாக்கெட்டைச் சோதிப்பது இப்படி. எல்லாப் பட்டையையும் கீழிருந்து மேலாக இறுக்குங்கள். இன்னொருவர் பின்னால் நின்று இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கட்டும். ஜாக்கெட் காதுமடலைத் தொட்டால் தளர்வு, மறுபடி இறுக்க வேண்டும். பக்கிள் ஒவ்வொன்றையும் சொடுக்கி இழுத்துப் பாருங்கள். மணல் புகுந்த பக்கிள் மூடியதுபோல் தெரியும், மூடியிருக்காது. பஞ்சை விரலால் கிள்ளிப் பாருங்கள், நசுங்கியபடியே நின்றால் அந்த ஜாக்கெட் பழசு, மாற்றித் தரச் சொல்லுங்கள். ஹெல்மெட் நெற்றியை மூட வேண்டும், தலையை ஆட்டினால் ஆடக்கூடாது.

உடுப்பில் பருத்தி வேண்டாம். கைலியும் ஜீன்ஸும் கரையோடு சரி. விளையாட்டுச் சட்டை, நீளக்கால் நைலான் டிரவுசர், மேலே மழைக்கோட்டு போன்ற காற்றுத்தடுப்பு. நவம்பர் முதல் பிப்ரவரி வரை 3 மில்லிமீட்டர் வெட்சூட் (குளிர்நீருக்கான ரப்பர் உடுப்பு). காலுக்குப் பின்பட்டை உள்ள செருப்பு அல்லது பழைய கேன்வாஸ் ஷூ. ஹவாய் செருப்பு முதல் ரேப்பிட்டிலேயே (ஆறு நுரைத்துப் பாயும் இடம்) போய்விடும், அப்புறம் பாறையில் வெறுங்கால்தான். கழுத்துக் கயிறு, சங்கிலி, மோதிரம், காப்பு எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். பெண்கள் துப்பட்டா இல்லாமல், முடியை ஹெல்மெட்டுக்குள் அடங்கும்படி தாழப் பின்னிக்கொள்ளலாம். கண்ணாடிக்குக் கயிறு.

ஆளுக்கு ஒரு 35 லிட்டர் டிரை பேக் (தண்ணீர் புகாத பை). சாமானை முதலில் தடித்த பாலிதீன் பைக்குள் போட்டு, அதை டிரை பேக்கில் வைத்து, முழங்காலால் அமுக்கிக் காற்றை வெளியேற்றி, வாயைக் குறைந்தது மூன்று மடிப்பு உருட்டிப் பூட்டுங்கள். பூட்டியதும் மேலே உட்காருங்கள். 'உஸ்' என்று சத்தம் கேட்டால் தண்ணீரும் அதே வழியில் உள்ளே போகும். உள்ளே இருக்க வேண்டியவை: இரண்டு ஜோடி மாற்றுடுப்பு, ஒரு கம்பளிச் சட்டை, துண்டு, தலைவிளக்கு, ஆறு ஓ.ஆர்.எஸ். பொட்டலம், போவிடோன் அயோடின், பேண்டேஜ், தினசரி மாத்திரைகள் இரண்டு பங்காகப் பிரித்து, இரண்டாவது பங்கு நண்பர் பையில்.

சாப்பாடு கம்பெனி பொறுப்பு. வழியில் மெல்ல, ஆளுக்கு ஒரு நாளைக்கு 150 கிராம் கணக்கில், எட்டுப் பேருக்கு மூன்று நாளைக்கு 3.6 கிலோ: கருப்பட்டி, கடலைமிட்டாய், பேரீச்சை. ரிஷிகேஷ் நகருக்குள் மீனும் இறைச்சியும் மதுவும் கிடையாது. கருவாட்டைக் கட்டிக்கொண்டு போகும் ஆசையை விட்டுவிடுங்கள், இரண்டு இரவு ரயிலில் பெட்டி முழுக்க உங்களைத்தான் பார்க்கும்.

போய்ச் சேர்வது

மதுரையிலிருந்து டெல்லி நிஜாமுதீனுக்குச் சம்பர்க் கிராந்தி வாரத்தில் சில நாட்களே ஓடுகிறது, முன்பதிவு திறந்ததும் போட்டுவிடுங்கள். டெல்லி காஷ்மீரி கேட்டிலிருந்து ரிஷிகேஷ் சுமார் 240 கி.மீ., பேருந்து ஆறேழு மணி நேரம். இறங்கிய அன்றே ஆற்றில் இறங்காதீர்கள். ஒரு நாள் தூங்கி, குளிருக்குப் பழகி, மறுநாள் காலை ஜீப்பில் தேவப்பிரயாகை.

முதல் நாள்: தேவப்பிரயாகை – கௌடியாலா

சங்கமத்துக்கு மேலே இருக்கும் ரகுநாதர் கோயில், நம் திருப்புல்லாணி போலவே 108 திவ்ய தேசங்களில் ஒன்று. பெரியாழ்வார் 'கண்டமென்னும் கடிநகர்' என்று பாடியது இந்த ஊரைத்தான். தமிழ்க் குழுக்கள் அங்கே அரைமணி நேரம் செலவழிப்பதில் தவறில்லை. ஆனால் 10 மணிக்குள் ராஃப்ட் தண்ணீரில் இருக்க வேண்டும். மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கில் கீழிருந்து மேலாக எதிர்க்காற்று வீசும். தட்டையான நீளங்களில் ராஃப்டை அது நிறுத்தியே விடும், துடுப்பு போட்டுப் போட்டுத் தோள் விட்டுப்போகும்.

சங்கமத்துக்குச் சற்றுக் கீழே இறங்குவார்கள். இரண்டு நிறத் தண்ணீர் கொஞ்ச தூரம் தனித்தனியாக ஓடுவதைப் பார்க்கலாம். பாகீரதி டெஹ்ரி அணையில் மண்ணை இறக்கி வைத்துவிட்டு வருவதால் பெரும்பாலும் தெளிவு, அலக்நந்தா கலங்கல். இன்றைய 34 கி.மீ.யில் ரேப்பிட்டுகள் சிறியவை. அதனால் இது பழகும் நாள். கைடு வேண்டுமென்றே ஆளைத் தண்ணீரில் இறக்கி ஏற்றச் சொல்வார், மறுக்காதீர்கள். விழுந்தவரை ஏற்றும் முறை: அவர் முகம் ராஃப்டைப் பார்த்தபடி இருக்க, ஜாக்கெட்டின் தோள்பட்டைகளைப் பிடித்து, ஒருமுறை கீழே அமுக்கி, அந்த எதிர்விசையோடு நீங்கள் பின்னால் சாய வேண்டும். கையைப் பிடித்து இழுத்தால் தோள் கழலும்.

உட்காருவது வெளி டியூப் மேலே, உள்ளே அல்ல. முன்கால் பாதத்தைக் குறுக்கு டியூபுக்கு அடியில் விரல் வரை மட்டும் செருக வேண்டும், கணுக்கால் வரை போனால் கவிழும்போது கால் வராது. துடுப்பின் மேல்முனைப் பிடியில் எப்போதும் ஒரு கை. அதை விட்டுவிட்டுத் தண்டைப் பிடித்தால் அந்த முனை பக்கத்து ஆளின் பல்லில்தான் முடியும். ஆற்றுப் பயணங்களில் அடிக்கடி நடக்கும் காயம் இதுதான்.

இரண்டாம் நாள்: கௌடியாலா – சிவ்புரி

20 கி.மீ.தான், ஆனால் பயணத்தின் கடினமான பகுதி. டேனியல்ஸ் டிப், தி வால், த்ரீ பிளைண்ட் மைஸ், கிராஸ்ஃபயர் எல்லாம் இங்கே. பியாசி அருகே உள்ள தி வால் நான்காம் தரம் (ரேப்பிட் தரம் ஒன்று முதல் ஆறு வரை, எண் கூடக் கூடக் கடினம்). ஆறு பாறைச் சுவரை நேராக மோதித் திரும்புவதால் ராஃப்ட் சுவரோரம் தள்ளப்பட்டுக் கவிழும். கைடு மேலே எடியில் நிறுத்தி, பாறைமேல் ஏறி, தண்ணீர் அளவைப் பார்ப்பார். அவர் வேண்டாம் என்றால் இறங்கிக் கரைவழியே நடந்து தாண்டுங்கள். 'எங்க கடலைவிடவா?' என்று அவரை உசுப்பேற்றுவது நம் ஆட்கள் செய்யும் வேலை. அதைச் செய்யாதீர்கள்.

ராஃப்ட் குறுக்காகப் பாறையில் சாய்ந்தால், மேலோட்டப் பக்கத்து டியூபை, அதாவது தண்ணீர் வரும் பக்கத்து டியூபை, தண்ணீர் உள்ளே இழுக்கும். மனசு பாறையை விட்டு விலகச் சொல்லும். கைடு 'ஹை சைட்' என்று கத்தியதும் எல்லோரும் பாறைப் பக்கம் பாய வேண்டும். எடை அங்கே போனால்தான் மேலோட்டப் பக்கம் எழும். ஒரு நொடி தாமதித்தால் ராஃப்ட் பாறையில் ஒட்டிக்கொள்ளும், அதை எடுக்க அரைநாள் ஆகும்.

விழுந்துவிட்டால்:

1. மூச்சை வெளியே விடுங்கள். தலைக்கு மேல் ராஃப்ட் இருந்தால் கையால் ஒரே திசையில் தள்ளிக்கொண்டே வெளியே வாருங்கள், திசை மாற்றாதீர்கள்.
2. ராஃப்ட் கைக்கெட்டினால் ஓரக்கயிற்றைப் பிடியுங்கள். ராஃப்டுக்கும் பாறைக்கும் நடுவே வராமல், மேலோட்டப் பக்கம் இருங்கள்.
3. எட்டாவிட்டால் மல்லாந்து, கால் கீழோட்டத் திசையில், விரல்கள் மேலே. முழங்கால் லேசாக மடங்கி இருக்கட்டும், பாறை வந்தால் உதைக்கலாம்.
4. வரிசை அலைகளில் பள்ளத்தில் மூச்சு எடுங்கள், முகட்டில் வாயை மூடுங்கள். உடையும் தண்ணீர் முகட்டில்தான்.
5. எடி தெரிந்ததும் குப்புறப் புரண்டு, மேலோட்டத்தை நோக்கிச் சாய்வாக, முழுப் பலத்தோடு நீந்துங்கள். நேராகக் கரைக்கு நீந்தினால் எடியைத் தாண்டிப் போய்விடுவீர்கள்.
6. கயிறு வந்தால் பையை விட்டுக் கயிற்றைப் பிடித்து, நெஞ்சோடு சேர்த்து, மல்லாந்து கிடங்கள். குப்புறக் கிடந்தால் முகத்தில் தண்ணீர் அடித்து மூழ்கடிக்கும்.
7. முழங்கையோ பிட்டமோ தரையில் தட்டும்வரை எழுந்து நிற்காதீர்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு: விழுந்த மரம் தண்ணீரை மறித்துக் கிடந்தால், கால் முன்னால் போகக்கூடாது. திரும்பித் தலை முன்னால் நீந்தி, கையை ஊன்றி மரத்தின் மேலே ஏறிவிட வேண்டும். தண்ணீர் கிளைக்கிடையே போகும், ஆள் போக முடியாது.

இரவு

அமாவாசை, பௌர்ணமி பார்த்து ஏற்றவற்றம் சொல்லும் கணக்கு இங்கே செல்லாது. மேலே பாகீரதியில் 1,000 மெகாவாட் டெஹ்ரி நிலையம், அதன் கீழே கோட்டேஷ்வர். அலக்நந்தாவில் உத்தராகண்ட் ஸ்ரீநகர் அணை. மின்சாரத் தேவை கூடும் நேரத்தில் டர்பைன் வழியாகத் தண்ணீர் விடுவார்கள். மழையே இல்லாத இரவில் ஆறு ஏறும். கரை சேர்ந்ததும் நீர்விளிம்பில் ஒரு குச்சியை நட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். ராஃப்டை வெறும் மணலில் ஏற்றி வைத்தால் போதாது, கூடுதலாக இரண்டு தனிப் பாறைகளில், இரண்டு தனிக் கயிற்றில் கட்ட வேண்டும். துடுப்பையும் ஜாக்கெட்டையும் ராஃப்டுக்குள் விடாமல் மேலே கொண்டு போய் வையுங்கள். படுக்கும் இடம் நீர்விளிம்புக்குக் குறைந்தது இரண்டு மீட்டர் உயரத்தில்.

மலம் கழிக்கக் கம்பெனி சொல்லும் கழிப்பிடம் தவிர வேறெங்கும் போகாதீர்கள். சோப்பு, ஷாம்பு ஆற்றில் கூடாது. குடிக்க ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர், காய்ச்சியோ வடிகட்டியோ. தண்ணீர் மேலேயே இருப்பதால் தாகம் தெரியாது, மாலையில் தலைவலியாகத் தெரியும்.

உண்மையில் அதிகம் பயப்பட வேண்டியது முகாமை ஒட்டிய அமைதியான குளிக்கும் கரைக்குத்தான். ரேப்பிட்டில் எல்லோரும் ஜாக்கெட், ஹெல்மெட்டோடு, கைடு கண்முன்னே இருப்பார்கள். கரையில் அவற்றைக் கழற்றிவிட்டு, 'சும்மா ஒரு முங்கு' என்று இறங்குவார்கள். மணல் இரண்டடியில் சட்டென்று இறங்கும், அதற்கப்பால் ஓட்டம் இழுக்கும். முழங்காலுக்கு மேல் இறங்குவதாக இருந்தால் ஜாக்கெட்டோடு.

மூன்றாம் நாள்: சிவ்புரி – ரிஷிகேஷ்

16 கி.மீ., மூன்று மணி நேரம். ரிட்டர்ன் டு சென்டர், ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ், கிளப் ஹவுஸ், டபுள் டிரபிள். பெரிய அலைகள், ஆனால் பெரும்பாலும் கீழே அகலமான அமைதி நீர் இருப்பதால் விழுந்தாலும் பொறுக்கி எடுப்பார்கள். முந்தைய இரண்டு நாள் பழக்கம் இருப்பவர்களுக்கு இது விருந்து. சிக்கல் கூட்டம்தான். சீசனில் ராஃப்டுகள் வரிசை கட்டும், முன்னால் போகிற ராஃப்ட் ரேப்பிட்டைத் தாண்டும்வரை எடியில் காத்திருக்கச் சொல்லுங்கள். வழியில் பாறையிலிருந்து குதிக்க நிறுத்துவார்கள். பாலத்திலிருந்து குதித்துப் பழகியவர்களுக்குச் சொல்வது: கைடு காட்டும் இடத்தில் மட்டும், ஜாக்கெட்டோடு, கால் முதலில், கை உடம்போடு ஒட்டி. தலைகீழாகப் பாய்வது கிடையாது, தண்ணீர் மட்டம் நேற்று இருந்ததுபோல் இன்று இருக்காது.

லட்சுமண் ஜூலா, ராம் ஜூலா பக்கம் கரையேறியதும் ஜாக்கெட், ஹெல்மெட், துடுப்பை எண்ணி ஒப்படையுங்கள். காதில் தண்ணீர் நின்றால் தலையைச் சாய்த்து வடிய விடுங்கள், குச்சியோ பஞ்சோ விடாதீர்கள். மூன்று நாள் குளிர்நீருக்கு அப்புறம் காதுவலி வருவது சகஜம், இரண்டு நாளில் அடங்காவிட்டால் டாக்டர். விரலிடுக்குகளைத் துடைத்துக் காய வையுங்கள், ஈரத்தோலில் சேற்றுப்புண் பிடிக்கும். டிரை பேக்கை உட்புறம் வெளியே திருப்பி ரிஷிகேஷ் வெயிலில் அரைநாள் போட்ட பிறகு மடியுங்கள். ராமேஸ்வரம் அபிஷேகத்துக்குக் கங்கை நீர் எடுப்பதாக இருந்தால் செம்புக் குடுவையின் வாயை அங்கேயே ஈயம் வைத்து அடைத்துத் தருவார்கள். பிளாஸ்டிக் கேனில் எடுத்தால் மூடிக்கடியில் ஒரு பாலிதீன் துண்டை வைத்துத் திருகுங்கள், இல்லாவிட்டால் மதுரை வருவதற்குள் பாதி படுக்கையில் இருக்கும்.